வேலிக்குள்ள நாய்க்கு ஒரு கக்கூஸ்

நாய்க்கு கக்கூஸ் பழக்கினவ நான். சிரிக்கிறவங்க சிரிச்சி முடிச்சிட்டு வாங்க, நான் எங்கயும் போகல.

அப்ப மலாயாவுல எமர்ஜென்சி, வெள்ளைக்காரனுக்கும் காட்டுல ஒளிஞ்சிருந்த கம்யூனிஸ்டுக்கும் சண்டை. டுரியான் துங்கால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல இருந்தோம். காட்டுல இருக்கிறவனுங்களுக்கு யாரும் சோறு தண்ணி கொடுத்துடக் கூடாதுன்னு, வரிசை வரிசையா தள்ளித் தள்ளி இருந்த மூணு லயத்து வீட்டு ஆளுங்களையும் ஒரே எடத்துல கொண்டாந்து போட்டு, சுத்தி முள்ளுக்கம்பி வேலி அடிச்சிட்டாங்க. சாயந்திரம் ஆறு மணிக்கு வேலிக்கதவ சாத்துனா, காலையில ஆறு மணிக்குத்தான் தொறப்பாங்க. வேலிக்குள்ள நடக்கலாம், வெளிய தலை தெரியக் கூடாது. தெரிஞ்சா சுடுவான்.

மனுசங்களுக்கு அது எழுதி ஒட்டியிருந்துச்சி. படிக்கத் தெரியாத எனக்குக் கூட நாலு பேரு சொல்லிப் புரிஞ்சிது. எங்க நாய்க்கு யாரு சொல்றது?

கறுப்பு நாய். ஒரு காது நிக்கும், ஒரு காது மடிஞ்சி கெடக்கும், பாக்கறவங்களுக்கு அது பாதிப் பேச்சத்தான் கேக்குதுன்னு தோணும். வேலி வர்றதுக்கு முன்ன அதால ஒருத்தருக்கும் தொந்தரவு கெடையாது. விடியக் காலையில அஞ்சி மணிக்கு நாங்க பால் வெட்டப் போகும்போது கூடவே வரும். ரப்பர் மரத்தடியில விழுந்து கெடக்கிற காஞ்ச எலைய காலால பறிச்சி, மூணு சுத்து சுத்தி, மானம் மரியாதையா உக்காந்து முடிச்சிட்டு வரும். வேலி போட்ட பொறகு வேலை ஆறு மணிக்கு மேலதான்னு ஆயிடுச்சி. ஆனா நாயோட வயித்துக்கு இன்னும் அஞ்சி மணிதான். நடுவுல இருக்கிற அந்த ஒரு மணி நேரந்தான் எங்களுக்கு வந்த கேடு.

அது எங்க வாசல்ல போகாது. தங்கம். பக்கத்து வீட்டு வாசல்ல போகும்.

பக்கத்து வீட்டு அக்கா என்னவிட பத்து வயசு மூத்தவ. அவ தொண்டைக்கு வேலிக்கதவுல இருக்கிற மணியே வெக்கப்படணும்.

"ஏண்டி, ஒன் நாய்க்கு என் வாசல்தான் கெடைச்சிதா?"

"அதுக்கு ஒங்க மேல ஒரு பாசம்க்கா."

"பாசத்த அள்ளிட்டுப் போடி மொதல்ல!"

அள்ளிட்டுப் போவேன். மறுநாளும் அள்ளுவேன். சிரிச்சே சமாளிச்சிடலாம்னு இருந்தேன்.

அப்பத்தான் லயத்துல ரெண்டு மூணு பேருக்கு வயித்துப்போக்கு கண்டுச்சி. மூணு லயத்துச் சனத்த ஒரே வேலிக்குள்ள அடைச்சா பின்ன என்னா வரும்? தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் வந்தாரு. எங்களுக்கு அவருதான் டாக்டரு. மருந்து கொடுத்தாரு, கக்கூஸ்ல சுண்ணாம்புத்தூள் போடச் சொன்னாரு, போற வழியில அக்கா வாசல்ல எங்க நாய் வெச்ச பாசத்த மிதிச்சிட்டாரு.

கால்ல வெள்ளை சப்பாத்து. நான் கண்ண மூடிக்கிட்டேன்.

"யாரு நாய்?" ன்னாரு.

லயமே என்னப் பாத்துச்சி. அவ்ளோ பேரு ஒண்ணா என்னப் பாத்தது என் கல்யாணத்துல கூட இல்ல.

"இந்தாம்மா, பதினஞ்சி நாள் கழிச்சி வருவேன். துப்பாக்கிக்காரனக் கூட்டிட்டு வருவேன். அன்னிக்கி இந்த லயத்துல எங்கயாச்சும் நாய்ப்பீ பாத்தேன், நாய் இருக்காது."

அதோட சரி, போயிட்டாரு.

என் மாமியா பதறிப் போகும்னு நெனைச்சேன். அது வெத்தலையக் குதப்பிக்கிட்டு, "நல்லதாப் போச்சி, ஒரு வாய் கொறையும்" னுச்சி. அத்தைக்கு அரிசி கவலை. வாராவாரம் அளந்துதான் கொடுப்பாங்க.

எனக்கு வேற கவலை. எனக்குக் கொடுத்திருந்த மரமெல்லாம் தோட்டத்துக் கடைசியில, காட்ட ஒட்டினாப்புல. என் நெரை முடிஞ்சா அந்தப் பக்கம் காடு. அங்க யாரு நிக்கிறா, யாரு படுத்திருக்கான்னு தெரியாது. வீட்டுக்காரரு ஸ்பெசல் போலீசுல சேந்து மஸ்ஜித் தானாங்கிற ஊருப் பக்கம் வேற தோட்டத்துக்குக் காவலுக்குப் போயிட்டாரு. ஊருக்கெல்லாம் காவல் அவரு, எனக்குக் காவல் அந்த நாய். அது முன்னால ஓடி மோந்து பாத்துட்டு வாலாட்டுனாத்தான் நான் கத்தியவே மரத்துல வெப்பேன். ஒருநாள் அது ஒரு புதரப் பாத்து மயிர் சிலிர்த்து நின்னுச்சி. நான் வாளிய அப்படியே போட்டுட்டு ஓடியாந்துட்டேன். அங்க என்னா இருந்துச்சோ, பன்னியோ மனுசனோ. இன்னிக்கி வரைக்கும் தெரியாது. தெரியாம இருக்கிறதுக்குத்தான் நாய் வேணும்.

அதனால முடிவு பண்ணிட்டேன். நாய சுட விடக் கூடாது. பதினஞ்சி நாள்ல அதுக்கு ஒரு எடம் காட்டி, அங்கதான் போகணும்னு பழக்கிடணும்.

லயத்துக்குப் பின்னால, பொம்பளைங்க கக்கூசத் தாண்டி, வேலி ஓரமா ரெண்டு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு மூலை சும்மா கெடந்துச்சி. யாரு வாசலும் இல்ல, யாரு துணியும் காயாது. அத மம்முட்டியால கொத்தி விட்டேன். கக்கூசுக்குப் போட வெச்சிருந்த சுண்ணாம்புத்தூள்ல ரெண்டு கை அள்ளி, சுத்தி நாலு பக்கமும் கோடு கிழிச்சேன். பழசு கொஞ்சம் கொண்டாந்து நடுவுல வெச்சேன், மோந்து பாத்துப் புரிஞ்சிக்கட்டும்னு.

மறுநாள் அஞ்சி மணிக்கு நாய் கழுத்துல கயித்தக் கட்டி இழுத்துட்டுப் போயி கட்டத்துக்குள்ள நிறுத்துனேன். "போ" ன்னேன். நாய் என்னப் பாத்துச்சி. நான் நாயப் பாத்தேன். வேலிக்கதவு தொறக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் அப்படியே நின்னோம்.

கக்கூசுக்குப் போற பொம்பளைங்க எல்லாம் வேடிக்கை பாத்துட்டுப் போனாங்க.

"என்னாம்மா, ரெண்டு பேர்ல யாருக்கு வருது?"

"யாருக்கு மொதல்ல வருதோ அவங்கதான் ஜெயிச்சாங்க, பந்தயம்" னேன்.

வீட்டுக்கு வந்தா அத்தை கேக்குது, "எனக்கு முட்டி வலின்னு ஒரு நாள் கக்கூசுக்குக் கைய புடிச்சிக் கூட்டிட்டுப் போனியாடி நீ?"

"நீங்களும் கழுத்தக் காட்டுங்க அத்தை, கயிறு இன்னொண்ணு இருக்கு."

வெத்தலை எச்சி அரை அடி தள்ளி வந்து விழுந்துச்சி. மழை பேஞ்சாலும் நின்னேன். மூணு நாள் அது அங்க ஒண்ணுமே பண்ணல. ஆறு மணிக்குக் கதவு தொறந்ததும் என்ன இழுத்துட்டு ஓடி, மொத மரத்தடியில எலையப் பறிச்சி கொட்டும். அடக்கி வெச்சிருக்கு, பாவி. என்னவிட பிடிவாதம். அப்பத்தான் எனக்கும் வெறி வந்துச்சி. நாலாவது நாளுக்கு ஒரு வேலை பண்ணேன். முந்தின நாள் சாயந்திரம் மரவள்ளிக்கெழங்க குழைய வேக வெச்சி, வழக்கமாத் திங்கிறதப் போல ரெண்டு பங்கு கொடுத்தேன். அத்தைக்குத் தெரியாது, அது பங்குல கொஞ்சம் எடுத்தேன்.

காலையில கட்டத்துக்குள்ள நுழைஞ்சதும் நாய்க்கு வேற வழியில்லாமப் போச்சி. மூணு சுத்து சுத்துச்சி. உக்காந்துச்சி. முடிச்சதும் மடியில வெச்சிருந்த கருவாட்டுத் தலைய எடுத்து நீட்டினேன். அது அத முழுங்கிட்டு என்னப் பாத்த பார்வை இருக்கே. இவ்ளோ நாளு இதுக்கா நிக்க வெச்ச, மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னாங்கிற மாதிரி.

அதுக்கப்புறம் தண்ணி ஓடுற மாதிரிதான். உக்காரும், முடிக்கும், திரும்பி என் மடியப் பாக்கும். நான் அள்ளிக் குழியில போட்டு, மேல சுண்ணாம்பத் தூவி, கோட்டையும் புதுசா கிழிச்சிடுவேன். எட்டாவது நாள் கயித்த அவுத்து விட்டேன். தானா நேரா போயி, வெள்ளைக் கோட்ட மோந்து பாத்து, உள்ள போயி உக்காந்துச்சி. எனக்கு வந்த பெருமை இருக்கே! அன்னிக்கி பெரட்டுல பேரு கூப்பிடும்போது கூட நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னேன். கங்காணி, "என்னா விசேசம்?" னு கேட்டாரு. "படிச்ச நாய் வெச்சிருக்கேன்யா" ன்னேன்.

ஒம்போதாவது நாள் வெள்ளிக்கெழமை.

இங்க ஒண்ணு சொல்லணும். நான் சோம்பேறி, எங்க வாசல்ல கோலமே கெடையாது. தண்ணி தெளிப்பேன், அதோட விட்டுடுவேன். அக்கா அப்படி இல்ல, வெள்ளிக்கெழமை தவறாம பெருசாப் போடுவா. முன்னெல்லாம் அரிசி மாவுலதான். எமர்ஜென்சியில அரிசிய அளந்து கொடுக்க ஆரம்பிச்சதும் மாவுக்கு எங்க போறது? லயத்துக்கு வெள்ளையடிக்கிற சுண்ணாம்புல தூள் எடுத்துதான் எல்லாரும் கோலம் போட்டாங்க. இது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சது மண்டையில எறங்கல, அவ்ளோதான்.

நான் உள்ள அடுப்பு ஊதிக்கிட்டிருக்கேன். நாய் தானா போயிட்டு வரட்டும்னு கதவத் தொறந்து விட்டிருந்தேன். வெளியில ஒரு அலறல்.

ஓடி வந்து பாக்குறேன். அக்கா வாசல்ல எட்டு இதழ் தாமரை, சுத்தி கொடி, வெள்ளை வெளேர்னு. தாமரைக்கு நடுவுல எங்க நாய் மூணாவது சுத்து சுத்தி முடிச்சி, முதுக வளைச்சி உக்காந்திருக்கு. அக்கா வெளக்குமாத்தோட நிக்குறா, கை மேல தூக்கினது தூக்கினபடி. நாய் அவசரமே படல. முடிச்சிட்டு எழுந்து, நேரா எங்கிட்ட வந்து, மடியப் பாத்துச்சி. கருவாட்டுத் தலை எங்கன்னு.

அப்பத்தான் எனக்கு ஒறைச்சிது. நான் அதுக்கு மூலைய பழக்கல. சுண்ணாம்புக் கோட்டப் பழக்கி வெச்சிருக்கேன். வெள்ளைக் கோடு எங்க இருக்கோ அங்க கக்கூசு. லயத்துல இருவது வீட்டு வாசல்ல வெள்ளைக் கோடு.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா! லச்சுமி வர்ற வாசல்ல!"

"அக்கா, சத்தியமா அது மரியாதையாத்தான் பண்ணுச்சி. நான் சொல்லிக் கொடுத்தபடிதான்..."

"நீ சொல்லிக் கொடுத்தியா?"

வாய மூடிக்கிட்டிருந்திருக்கலாம். என் வாய் எப்பவுமே நாய விட மோசம்.

அக்கா தீர்ப்பு சொல்லிட்டா. டிரெசர் வர்ற வரைக்கும் தெனம் காலையில நான்தான் அவ வாசலக் கழுவி, சாணி தெளிச்சி, கோலம் போடணும். இல்லாட்டி அவளே ஆஸ்பத்திரிக்கு நடந்து போயி துப்பாக்கிக்காரன இன்னிக்கே கூட்டிட்டு வருவா.

ஆறு நாள் இருந்துச்சி. அத்தை மட்டும் ரொம்ப சந்தோசமா இருந்துச்சி. "என் வாசல்ல ஒரு புள்ளி வெச்சதில்ல. நாய் ஒன்னக் கோலம் போட வெச்சிடுச்சி பாரு. நல்ல நாய்டி" னுச்சி.

அன்னிக்கி பூரா பால் வெட்டிக்கிட்டே யோசிச்சேன். சுண்ணாம்பு ஆகாது. சாம்பல் போட்டா, எல்லாரும் பாத்தரம் தேய்க்கிறது சாம்பல்ல. மணல் போட்டா, ஆயாக் கொட்டகையில புள்ளைங்க வெளையாடுறது மணல்ல. எவ வீட்டு வாசல்லயும் இல்லாத பொருளா இருக்கணும். யோசிச்சிக்கிட்டே நிக்கிறேன், எதிர்ல நாய் காஞ்ச எலையப் பறிச்சி பறிச்சி சுத்துது. இத்தன நாளா கண்ணு முன்னாலதான் பறிக்குது! லயத்து வாசல் எல்லாம் கூட்டிக் கூட்டி பளிங்கா இருக்கும், ஒரு எலை இருக்காது. அஞ்சி மணிக்கு நாயக் காட்டுக்கு விட மாட்டாங்கன்னா, காட்ட உள்ள கொண்டு போயிடுவோம்.

பால எடை போட்டு ஊத்திட்டு, காலி வாளி ரெண்டுலயும் அந்த எலையையும் மண்ணையும் நெறைய அமுக்கிட்டு வேலிக்கதவுக்கு வந்தேன். கதவுல ஒரு மலாய்க்காரத் தம்பி காவலு. வெளிய போறவங்க சோறு அரிசி கொண்டு போறாங்களான்னு தடவிப் பாக்குறதுதான் அவன் வேலை. உள்ள ஒருத்தி குப்பையக் கொண்டு வர்றத அவன் பாத்ததே இல்ல. துப்பாக்கிய நிமித்தி, வாளியில என்னான்னு மலாய்ல கேட்டான்.

எனக்குத் தெரிஞ்சது பாசார் மலாய், மீன் வாங்குற அளவுக்கு. "டாவுன், பாங்" ன்னேன். எலை, அண்ணேன்னு அர்த்தம்.

எதுக்குன்னான். கீழ என்னா ஒளிச்சி வெச்சிருக்கியோன்னு கைய வாளிக்குள்ள விடப் போனான்.

"அஞ்சிங் பூன்யா ஜம்பான்!" னு கத்திட்டேன். நாயோட கக்கூசு.

நீட்டின கைய வெடுக்குன்னு இழுத்துக்கிட்டு ரெண்டு அடி பின்னால போயிட்டான். என்னப் பாத்தான், நாயப் பாத்தான். அதுவும் மடிஞ்ச காதோட பரிதாபமா நின்னுச்சி. அவனுக்கு சிரிப்பு வந்துடுச்சி, அடக்கிக்கிட்டு ஒரு நீளக் குச்சிய எடுத்து வாளிக்குள்ள கிளறிப் பாத்துட்டு, போ போன்னான். மறுநாள்ல இருந்து என்னப் பாத்தாலே குச்சிய எடுத்து ரெடியா வெச்சிக்குவான்.

மூலையில இருந்த சுண்ணாம்பெல்லாம் சுரண்டி எறிஞ்சேன். நடுவுல கணுக்கால் ஒசரத்துக்கு எலையும் மண்ணும் போட்டேன். காலையில நாயக் கூட்டிட்டுப் போனா, அது எலையப் பாத்துச்சி, என்னப் பாத்துச்சி, "அட, இத மொதல்லயே பண்ணிருக்கலாம்ல" ங்கிற மாதிரி காலால ரெண்டு பறி பறிச்சி உக்காந்துடுச்சி. அது சுலுவு.

கஷ்டம் என்னான்னா, படிச்சத மறக்க வெக்கிறது. அதுக்கு அக்கா கொடுத்த தண்டனைதான் ஒதவுச்சி. நாய்க் கயித்த என் இடுப்புல கட்டிக்கிட்டு அவ வாசல்ல குந்திக்கிட்டு சுண்ணாம்புல கோலம் போடுவேன். நாய் கோலத்துப் பக்கம் வந்து முதல் சுத்து சுத்த ஆரம்பிக்கும். "ச்சூ" ன்னு இடுப்பாலயே ஒரு இழுப்பு. எழுந்து மூலைக்கு இழுத்துட்டு ஓடுவேன். அங்க உக்காந்தா கருவாடு. திரும்பி வந்து கோலத்த மீதி போடுவேன். எனக்குப் புள்ளி வரிசை தெரியாது. அக்கா கதவுல சாஞ்சி நின்னு, "அது என்னாடி, பூவா, நசுங்கின தவளையா?" ன்னு கேப்பா. "நீங்க என்னா நெனைக்கிறீங்களோ அதாங்க்கா" ம்பேன். மூணாவது நாள் பொறுக்க முடியாம அவளே பக்கத்துல குந்தி, கையப் புடிச்சி கோட்ட வளைச்சி விட்டா. நாய் நடுவுல படுத்துக்கிட்டு எங்க ரெண்டு பேர் மூஞ்சையும் மாத்தி மாத்திப் பாத்துச்சி. அஞ்சாவது நாள் கோலத்துக்குப் பக்கத்துல நடந்து போச்சி, மோந்து கூட பாக்கல.

டிரெசர் சொன்ன சொல்லுக்கு வந்துட்டாரு. ஒரு காக்கிச் சட்டைக்காரன் துப்பாக்கியோட பின்னால. நான் வேலைக்குப் போகல, கங்காணிகிட்ட தலைவலின்னுட்டேன், நெசமாவே வலிச்சிது. நாய என் காலோட ஒட்டிக் கட்டி வெச்சிருந்தேன்.

மொத லயம் முடிஞ்சிது, சுத்தம். ரெண்டாவது லயம், சுத்தம். எங்க லயத்துக்கு வந்தாரு. அக்கா வாசல் பளிச்சின்னு இருந்துச்சி. தாண்டி ரெண்டு எட்டு வெச்சவரு, வாசலுக்கு முன்னால ஓடுற காவாய் ஓரத்துல குனிஞ்சி பாத்தாரு.

"இது என்னா?"

நானும் போயிப் பாத்தேன். புதுசா, அன்னிக்கிக் காலையில போனது. துப்பாக்கிக்காரன் நாயப் பாத்தான். நான் கயித்தக் கையில ரெண்டு சுத்து சுத்திக்கிட்டேன்.

அப்புறம் நல்லாப் பாத்தேன். "ஐயா, இதுல சோளம் இருக்கு. என் நாய் சோளம் திங்காதுங்கய்யா. கெழங்கும் கருவாடும்தான்."

"கதை விடாத. நாய்ன்னா எல்லாம் திங்கும்."

"அத்தையக் கேளுங்க..."

"நீ நகரு."

லயத்துல சோளம் போட்டிருந்தது ஒரே ஒரு வீடு. அது அக்கா வீட்டுப் பின்னால. நான் அக்காவப் பாத்தேன். நான் சொல்லியிருக்கலாம். சொல்லல. அவ மூணு வயசு மக இடுப்புல உக்காந்து விரல சப்பிக்கிட்டிருக்கு. இத்தன பேர் முன்னால, அந்தத் தொண்டைக்காரி வீட்டு மானம். காக்கிச் சட்டை ஒரு அடி முன்னால வெச்சான். நாய் அவனப் பாத்து வாலாட்டுது, புத்தி கெட்டது.

"நிறுத்துங்கய்யா." அக்காதான். அவ தொண்டையில அவ்ளோ சின்ன சத்தம் நான் கேட்டதில்ல. "அது நாய் இல்ல. இவ வேலை." இடுப்புல இருந்த புள்ளையத் தூக்கிக் காட்டுனா. "கக்கூசு ஓட்டையப் பாத்து பயப்படுது. காலையில நான் பாக்குறதுக்குள்ள..."

அதுக்கப்புறம் நான் டிரெசர மூலைக்குக் கூட்டிட்டுப் போயி எலையக் காட்டினேன், குழியக் காட்டினேன். அவரு சுத்தி வந்து குனிஞ்சி பாத்தாரு. எல்லாரும் கேக்குற மாதிரி, "நாய் இருக்கட்டும்" னாரு. திரும்பி அக்காகிட்ட, "புள்ளைக்கு பதினஞ்சி நாள்" னாரு. துப்பாக்கிக்காரன் கூட சிரிச்சிட்டான். அக்கா மட்டும் சிரிக்கல.

சாயந்திரம் அவிச்ச சோளம் நாலு கொண்டாந்து கொடுத்தா. அத்தை ரெண்ட உடனே எடுத்துக்கிச்சி. அக்கா போகாம நின்னா.

"ஏண்டி, எப்படிப் பழக்கின?"

"கூடவே நிக்கணும்க்கா. அது முடிக்கிற வரைக்கும் நாம நகரக் கூடாது. திட்டக் கூடாது."

"திட்டாம எப்படிடி?"

"அதான் ஒங்களுக்குப் பெரிய கஷ்டம்."

அடிக்கக் கைய ஓங்கிட்டு, சிரிச்சிட்டா.

மறுநாள் அஞ்சி மணிக்கு நாய் மூலைக்குத் தனியாப் போயிட்டு வந்துச்சி. கக்கூசு வாசல்ல அக்கா குந்திக்கிட்டு, மக கையப் புடிச்சிக்கிட்டு, பல்லக் கடிச்சிக்கிட்டு, ஒரு வார்த்தை திட்டாம ஒக்காந்திருந்தா. நான் பாக்காத மாதிரி தாண்டிட்டேன். ஆறு மணிக்குக் கதவு தொறந்தாங்க. நாய் முன்னால காட்டோரத்துக்கு ஓடுச்சி, மோந்துச்சி, வாலாட்டுச்சி. நான் கத்திய எடுத்து மொத மரத்துல வெச்சேன்.